கொரியன் புல்லும் கூரைப்பூவும்

திருநகரில் அழகுபாண்டி வீட்டு முன்னால் கொரியன் புல் இருந்தது என்று சொல்வதைவிட, புல்லுக்குக் காவலாக அழகுபாண்டி இருந்தார் என்று சொல்வதுதான் சரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அழகுக்காகப் போட்ட புல்தரை. சித்திரை வெயிலுக்குக் கருகினால் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவார். ஐப்பசி மழைக்குக் களை தலைகாட்டினால், விடிந்ததும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு இலை விட்ட கன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

மனைவி செல்லத்தாய்க்கு அந்தப் புல்லைக் கண்டாலே ஆகாது.

"மாடும் திங்காது, கோழியும் கொத்தாது. இதுக்கு இம்புட்டுத் தண்ணியா?"

மார்கழிக் கடைசி நாளில் சண்டை முற்றும். அன்றைக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ என்கிற கூரைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வாசல் முகப்பில் காப்புக் கட்டுவது வழக்கம். செல்லத்தாய் போன வருஷத்துக் காய்ந்த கொத்தை இறக்கி, புல்லின் மேலேயே உதறுவாள். குப்பை கொட்ட வேறு இடம் கிடைக்கவில்லையா என்று இவர் கத்துவார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் உதறுவாள்.

அந்தச் செல்லத்தாய் ஓர் ஆடி மாதம் போய்ச் சேர்ந்தாள். துக்க வீடு என்பதால் அடுத்து வந்த பொங்கலை வைக்கவில்லை. அவள் சேலைகளையும் பாத்திரங்களையும் பார்க்கப் பொறுக்காமல் அழகுபாண்டி சொந்தபந்தத்துக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் மனசு அடித்துக்கொண்டது. அவள் கட்டிய கடைசிக் காப்பும் காற்றில் போயிருந்தது. வீடெல்லாம் தேடினாலும் அவள் கைபட்டது என்று ஒன்றும் மிச்சமில்லை.

இந்த வருஷம் மகள் திவ்யா வந்து, பொங்கல் வைத்தே ஆகவேண்டும் என்றாள். அவர் காலையில் ஒரு கூடை களையைப் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, காப்புக்கொத்து வாங்கக் காளவாசலுக்குப் போனார். ரோட்டோரம் தங்கப்பொண்ணு என்ற பெண் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வெள்ளை வெள்ளையாகப் பூத்த கூரைப்பூவின் வேரில் பூக்காத சின்னக் கன்று ஒன்று சிக்கியிருந்தது. அந்த இலையை அவர் விரலுக்கே தெரியும்.

"இது என்ன களைம்மா?"

"களையா? அதுவும் கூரைப்பூதேண்ணே. குட்டிச் செடி. காஞ்ச கொத்து உதுந்த எடத்துல தானா மொளைக்கும்."

வருஷா வருஷம் செல்லத்தாய் உதறியதைத்தான் அழகுபாண்டி விடிந்ததும் விடியாததுமாகப் பிடுங்கியிருக்கிறார். கொத்தை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரை விரட்டி வீட்டுக்கு வந்து, புல்லில் மண்டியிட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கன்றுகூட இல்லை. அவர் வேலை அத்தனை சுத்தம்.

"என்னப்பா தேடுறீங்க?" என்று திவ்யா ஓடி வந்தாள்.

"ஒங்கம்மா போட்ட செடிய. கூரைப்பூ." வயசான மனுஷன் மகள் முன்னால் அழுதுவிட்டார்.

"அதுவா? சந்துப் பக்கம் செவத்தோரமா நெறையப் பூத்துருக்கேப்பா. நேத்தே பாத்தேன்."

அந்தச் சந்துக்குள் அவர் எதற்குப் போகப் போகிறார்? இப்போது போனார். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, யாரும் தண்ணீர் ஊற்றாத சரளை மண்ணில், சுவர் நெடுகக் கூரைப்பூ வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்றைக்கூட அவர் பறிக்கவில்லை. வாங்கி வந்ததைத்தான் வாசலில் கட்டினார்.

பொங்கல் கழிந்ததும் கொரியன் புல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டு, முற்றிய கூரைப்பூவைச் சந்திலிருந்து கொண்டுவந்து தன் கையாலேயே மண்ணில் உதிர்த்தார். மழைக்கு அது முளைத்தது. கூடவே தும்பையும் குப்பைமேனியும் கேட்காமலே வந்தன. பட்டாம்பூச்சி பார்க்கத் தெருப் பிள்ளைகள் தாராளமாக உள்ளே வந்துபோனார்கள்.

எதிர்வீட்டு சீதாராமனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"பச்சைப் பசேல்னு எவ்வளவு அழகா இருந்தது. அதைப் போய் ஏன் சார் எடுத்தேள்?"

அழகுபாண்டி ஒரு தும்பைச் செடிக்கு அணைத்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"உள்ள எடம் குடுக்காம வச்சிருந்தேன் சார். அம்புட்டு நாளும் செவத்துக்கு வெளியவே நின்னுருக்கா."