சுருட்டை பண்ணு

“கீலை மாத்தி அடிச்சது நீதானே?”

“ஆமா மேஸ்திரி.”

“கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?”

“வெளிப்பக்கம்.”

“எந்தப் பக்கம் திறந்துச்சு?”

“எந்தப் பக்கமும் திறக்கல.”

மேடைக்குப் பின்னால் நின்றிருந்த நான்கு பேரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாடகத்தில் இடைவேளை. சுருள் முடியால் சுருட்டை என்று பெயர் வாங்கிய அவள், அரங்க வேலைக்கு வந்து இன்றோடு மூன்று மாதம். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று மேஸ்திரி இன்று சொல்லியாக வேண்டும்.

முதல் காட்சியில், மருமகனாக நடித்தவர் கதவைத் தள்ளினார், இழுத்தார், அசையவில்லை. சுருட்டை ஓடிப்போய்ப் பக்கத்து ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, அவரை இடுப்போடு தூக்கி உள்ளே தள்ளிவிட்டாள். மாமனார் வீட்டுக்குள் ஜன்னல் வழியாக வந்து விழுந்த மருமகனுக்குக் கூரை அதிரக் கைதட்டல்.

“மாப்பிள்ளைக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாம். ஆனா நாளைக்கும் ஜன்னல்தான் வேணுமாம்,” என்றார் விளக்குக்காரர்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் அவரே தன் சட்டைக் கையை அட்டைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்துவிட்டு, காட்சி முடியும்வரை அசையாமல் நின்றவர். அன்றிலிருந்து இங்கே ‘சட்டை’ என்றால் நின்ற இடத்தை விட்டு நகராதே என்று பொருள். இப்படித் தப்பிலிருந்து பிறந்த சொல் இங்கே பழைய ஆட்கள் எல்லோருக்கும் ஒன்று உண்டு. சுருட்டைக்கு இல்லை.

மணி அடித்தது. எல்லோரும் கலைந்தார்கள்.

மூன்றாம் காட்சிக்காக விளக்கு அணைந்தது. சோபாவை மேடை நடுவுக்குத் தள்ளிக்கொண்டுபோக வேண்டும். ஒரு சக்கரம் பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இருபது நொடிதான் இருட்டு.

“சட்டை! சட்டை!” என்றார் மேஸ்திரி. எல்லோரும் நின்றார்கள். பிறகு, அடங்கிய குரலில், “சுருட்டை பண்ணு.”

யாரும் என்னவென்று கேட்கவில்லை; கதவு திறக்காவிட்டால் ஜன்னல். தச்சர் சோபாவை அப்படியே முதுகுப்பக்கமாகச் சாய்த்தார். விளக்குக்காரர் அடியில் போர்வையை விரித்தார். முதுகால் வழுக்கிக்கொண்டு சோபா தன் இடத்துக்குப் போய் நிமிர்ந்தபோது இன்னும் நான்கு நொடி மீதி இருந்தது.

சுருட்டை திரை ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். மூன்று மாதமாகச் சுமந்த பலகைகளின் பாரமெல்லாம் தோளிலிருந்து இறங்கியது போலிருந்தது.

மேஸ்திரி அவளைக் கடந்து போனார்.

“மேஸ்திரி.”

“என்ன?”

“நாளைக்கு எங்கம்மா வர்றாங்க. நான் இங்க நாற்காலி தூக்குறேன்னுதான் நினைச்சுட்டிருக்காங்க. அவங்களை இந்தத் திரைக்குப் பின்னால நிக்க வைக்கிறேன். அவங்க காதுல விழற மாதிரி, ஒரே ஒரு தடவை, அந்த வார்த்தையைச் சொல்றீங்களா?”