பன்னிரண்டாம் பக்கத்துப் பிழை

பன்னிரண்டாம் பக்கத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ‘ஐம்பது ஆண்டுகளில் எங்கள் அடுப்புகள் ஒருநாளும் அணைந்ததில்லை’ என்ற வரியில் ஒற்று, புள்ளி, இடைவெளி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பொய் மட்டும் அதிகப்படி.

அந்த அச்சகத்தில் இருபது வருடமாக அவள் பிழை திருத்துகிறாள். விட்டுப்போன க், ச், த், ப் எங்கே ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவதால் எல்லோருக்கும் அவள் ஒற்றுக்காரி. பிஸ்கட் கம்பெனியின் பொன்விழா மலர் மேஜைக்கு வந்து மூன்று நாளாகிறது. ஓரத்தில் ‘அச்சிடலாம்’ என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் ஓடும்.

எல்லாம் அந்த வரலாற்றுப் பாடத்தால் வந்த வினை. கல்யாணத்துக்காக இரண்டாம் வருடத்தோடு விட்ட படிப்பு அவள் மனதில் முள்ளாகவே கிடந்தது. இந்த வருடம் ஒருநாள் கைபேசியில் ‘வரலாறு, இலவசப் பாடம்’ என்று தேடத் தொடங்கினாள். வாசலில் இலவசம் என்று எழுதிவிட்டு, உள்ளே போனதும் வங்கி அட்டை எண் கேட்ட தளங்கள் பாதி. ராஜாக்களின் வாளையே சுழற்றிக்கொண்டிருந்த காணொளிகள் மீதி. சலிக்காமல் தேடியதில் ஒரு பல்கலைக்கழகம் தன் வகுப்பை முழுதாகத் திறந்து வைத்திருந்தது தெரிந்தது. சான்றிதழுக்குத்தான் காசு, பாடத்துக்கு இல்லை. சான்றிதழே இல்லாத படிப்பு உப்பில்லாத குழம்பு என்றார் கணவர். உங்களைச் சாப்பிடச் சொல்லவில்லையே என்றாள் அவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு காதில் பேராசிரியை, மறு காதில் அச்சு இயந்திரம்.

எந்தத் தாளை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்கச் சொன்னாள் பேராசிரியை. யார் எழுதியது? யாருக்காக? யாரை விட்டுவிட்டு? பாடத்தின் முடிவில், பழைய செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்க ஒரு சுட்டி கொடுத்திருந்தார்கள். எல்லோரையும் போல அவளும் முதலில் சொந்த ஊரைத்தான் தேடினாள். முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய தாளின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு செய்தி கிடைத்தது. ‘பிஸ்கட் கம்பெனி அடுப்புகள் பதினோராவது நாளாக அணைந்து கிடக்கின்றன. சில பெண்களின் தூண்டுதலே காரணம்.’

அந்த வருடம்தான் அதே கம்பெனியின் பொட்டலம் கட்டும் பிரிவில் அவள் அம்மாவுக்கு வேலை போனது. ‘அவளுக்கு வாய் நீளம், எங்கே நிலைக்கும்?’ என்பதுதான் குடும்பம் சொல்லி வந்த காரணம். அத்தை சொன்னாள், சித்தப்பா சொன்னார். கோபம் வந்தபோதெல்லாம் இவளும் அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அதை நினைக்க இப்போது கூசியது.

நேற்று மாலை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது செய்தியை வாசித்துக் காட்டினாள். அம்மாவின் கை நிற்கவில்லை.

“சில பெண்கள் இல்ல. நாப்பத்தி மூணு பேரு.”

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கழிப்பறைச் சாவி மேற்பார்வையாளரின் இடுப்பில் தொங்கும். போக வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். அவர் சிரிப்பார், காக்க வைப்பார். ஒருநாள் ஒருத்தியால் அடக்க முடியாமல் போனது. அதைப் பார்த்தும் அவர் சிரித்தார். மறுநாள் காலை எல்லோரும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், மாவு லாரி உள்ளே போகவில்லை. பன்னிரண்டாம் நாள் சாவி சுவரில் ஆணியில் தொங்கியது. பதின்மூன்றாம் நாள் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

“ஏம்மா இத்தன வருஷமா சொல்லல?”

“கக்கூஸ் சாவிக்காக வேலையத் தொலைச்சேன்னு எப்படிடி சொல்றது? வாய் நீளம்னா கொஞ்சம் கௌரவமா இருந்துச்சு.”

அவள் ஒரு தாளை எடுத்து ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை எண் போட்டாள். அம்மா பட்டப்பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினாள். நெட்டச்சி, பாட்டுக்காரி, ஒத்தச்சடை, சோடாபுட்டி. அழுமூஞ்சி என்று சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அவள்தான் முதலில் போய் உட்கார்ந்தவளாம். பத்தொன்பதோடு ஞாபகம் நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒற்றுக்காரி ஓர் ஒற்றைக்கூடத் திருத்தாமல் எழுதியிருந்தாள்.

இன்று காலை பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அச்சக முதலாளி அவள் மேஜையருகே நின்றார். ஓரத்தில் சிவப்பு மையில் ‘பதினோரு நாள் அணைந்திருந்தன’ என்று இருந்தது. பெயர்த் தாளும் செய்தியின் நகலும் குண்டூசியில் தொங்கின. அவர் கெட்டவர் இல்லை. கம்பெனியின் பொட்டலத் தாளெல்லாம் இங்கேதான் அச்சாகிறது, அந்தப் பயம்.

“எழுத்துப்பிழைய மட்டும் பாரும்மா. ஊர்ப்பிழை நமக்கெதுக்கு?”

“இருபது வருஷமா என் கையெழுத்த நம்பித்தானே சார் மெஷின ஓட்டுறீங்க? பொய்க்குக் கீழ அதப் போட மாட்டேன்.”

வேறு ஆள் கிடைக்காமல் போகாது என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. மகளின் படிப்பும் வீட்டு வாடகையும் அவள் கண் முன்னால் வந்துதான் போயின. ஆனாலும் கை மேஜையிலிருந்து எழவில்லை. கடைசியாக அவரே சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

கைபேசி அடித்தது. அம்மா.

“இருபதாவது ஆளு ஞாபகம் வந்துருச்சுடி. எழுதிக்கோ.”

அவள் பேனாவை வாங்கினாள். முதலாளி நிம்மதியாக மூச்சுவிட்டு, கையெழுத்துக்கான இடத்தை விரலால் காட்டினார். அவள் அந்த விரலை விலக்கிவிட்டு, குண்டூசியில் தொங்கிய தாளைத் தன் பக்கம் திருப்பி, இருபதாம் வரியில் எழுதத் தொடங்கினாள். அதன் கீழே வெறும் எண்களோடு இன்னும் இருபத்து மூன்று வரிகள் இருந்தன.