இல்லை என்பதற்குச் சைகை இல்லை

1.
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எங்கள் ஊருக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு, அரசு அனுமதியில்லாத திருட்டு வானொலி நடத்திய கப்பலைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். கடைசிக் காட்சியில் கரையில் ஒரு பெண் காருக்குள் அழுதபடி விளக்கைப் போடுகிறாள். அவள் நான்தானாம். நான் அழவுமில்லை, விளக்கைப் போடவுமில்லை.

2.
முதல் தொடக்கம்: "1966. ராக் இசையின் அலைகள் எசெக்ஸ் கரையை—"

வேண்டாம். சினிமா விளம்பரம் போலிருக்கிறது. ['அலை' என்ற சொல் இனி இந்தக் கதையில் வராது.]

இரண்டாவது: "ரோலண்ட் பேரழகன்."

பொய். அந்தக் கப்பல் அறிவிப்பாளனுக்குக் குரல் மட்டும்தான் அழகு. அரசு வானொலி ராக் பாட்டைச் சொட்டுச் சொட்டாகத் தந்த காலம் அது; கப்பலில் எவன் இருமினாலும் எங்களுக்குக் காதல் வந்தது.

3.
மாலையில் ஃபிரிண்டன் மேட்டில் கார்களைக் கடலைப் பார்த்து நிறுத்துவோம். கப்பலிலிருந்து அறிவிப்பாளன் வானொலியில் ஏதாவது கேட்பான். ஆமாம் என்றால் முகப்பு விளக்கைப் போட்டு அணைப்போம்.

கரைக்கு வரும்போதெல்லாம் என்னோடு ஊர் சுற்றிய ரோலண்ட் அன்று பாட்டைப் பாதியில் நிறுத்தினான். "பெரில், என் கண்ணு, என்னைக் கட்டிக்கிறியா? சரின்னா லைட்டைப் போடு!"

இல்லை என்றால் என்ன செய்வது? அதை அவன் சொல்லவில்லை. (அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: ஐந்து நாவல் எழுதிவிட்டேன், இப்படியொரு மடையனைக் கற்பனை செய்ய முடிந்ததில்லை.)

அப்பாவின் காரில் என் பக்கத்தில் தோழி மேவிஸ் துள்ளினாள். "போடுடி!"

"மாட்டேன். எனக்கு லண்டன்ல வேலை கெடச்சிருக்கு."

"ஊரே கேக்குதுடி!"

"அப்ப ஊரே கட்டிக்கட்டும்."

ஊரே கட்டிக்கொண்டது. மேடு முழுக்க விளக்குகள் எரிந்தன. எங்கள் கார் மட்டும் இருட்டில் நின்றது. வானொலியில் ரோலண்ட், "சரின்னுட்டா! சரின்னுட்டா!" என்று கத்தினான்.

4.
விடுப்பில் கரைக்கு வந்தவன் மோதிரத்தோடு எங்கள் வாசலில் நின்றான். பின்னால் வாழ்த்துவதற்கு ஒரு கூட்டம்.

"ஒன் லைட்டைத்தான் மொதல்ல பாத்தேன். எடது ஓரத்துல, பளிச்சுன்னு."

"அது கசாப்புக்கடைக்காரர் வேன்."

அவன் முகம் சுருங்கியது. பாவமாகத்தான் இருந்தது.

முடிவு அ: மோதிரத்தை வாங்கி—

முடிவு ஆ: லண்டன் ரயிலில் ஏறி—

படத்தின் இயக்குநர் தொலைபேசியில் சொன்னார்: "நீங்க சரின்னு சொன்னாத்தானம்மா படம் ஓடும்." இதோ, வாசிக்கும் நீங்களும் இரண்டு முடிவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். எனக்காகப் பதில் சொல்ல உலகத்தில் ஆள் பஞ்சமே இல்லை.

அன்று வாசலில் ரோலண்ட் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உள்ளே வந்து கதவைச் சாத்தினான். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"சரி பெரில். நீயே சொல்லு."

சொன்னேன், அவனிடம் மட்டும்.