இருநூற்று நான்கு

புள்ளிவிவர அலுவலகத்தில் அவருக்கு ‘மீதி சார்’ என்று பெயர். எந்தக் கணக்கைக் காட்டினாலும் மீதி என்ன என்று கேட்காமல் விடமாட்டார். பதவி உயர்வுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எழுதுவதும் விடைத்தாள் திருத்துவதும் அவர் பொறுப்பு. இந்த முறை தேர்வு எழுதியவர்களில் அவருடைய மச்சானும், அதாவது மனைவியின் தம்பியும், ஒருவன்.

மச்சானுடைய தாள்தான் இப்போது மேசைமேல் கிடந்தது. தாளில் பெயர் இல்லாவிட்டால் என்ன, ஏழுக்கு இடுப்பில் கோடு இழுக்கிறவன் அந்த அலுவலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

நான்காம் கேள்வி, 7,20,720 என்ற எண்ணின் இயல்புகளைப் பற்றியது. இரட்டை எண் என்று எழுதியிருந்தான். பகு எண், சரி. ஒன்று முதல் பதினாறு வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண், அதுவும் சரி. காரணிகள் மொத்தம் 204 என்று முடித்திருந்தான்.

சரியான விடை 240. தப்புக் கணக்குப் போடுகிறவனுக்குக்கூட 204 வராது. அதற்குள் பதினேழு உட்கார்ந்திருக்கிறது. காரணிகளின் எண்ணிக்கையில் பதினேழு வரவேண்டுமென்றால் ஏதாவது ஒரு பகா எண் பதினாறு தடவையாவது பெருகியிருக்க வேண்டும். இந்த எண்ணில் அதிகமாகப் பெருகியிருக்கும் இரண்டுகூட நாலு தடவைதான்.

204 உலகத்தில் ஒரே இடத்தில் இருந்தது. வீட்டு அலமாரியில் அவர் பூட்டி வைத்திருந்த விடைக்குறிப்பில், கை தவறி இலக்கம் இடம் மாறி விழுந்திருந்தது. அலுவலகத்தில் சுத்தப்பிரதி எழுதும்போது கவனித்துத் திருத்திக்கொண்டார். வீட்டுத் தாளை அப்படியே விட்டுவிட்டார்.

மேலிடத்தில் சொன்னால் மச்சானுக்கு வேலை போய்விடும். ஆனாலும் அவன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று மூன்று நாள் மனதார ஆசைப்பட்டார். மின்விசிறியைச் சரிசெய்கிறேன் என்று அந்த அறையில் ஒரு மணி நேரம் இருந்தானே. விசிறி இன்னும் கடகடவென்றுதான் ஓடுகிறது. ஆனால் அலமாரிச் சாவி மனைவியின் கொத்தில் அல்லவா இருக்கிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான்காம் கேள்வியில் எல்லோரும் மண்ணைக் கவ்விவிட்டார்கள், அந்த எண்ணுக்கு இருநூற்று நாற்பது காரணிகள் என்று ஒருவனுக்கும் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

“இருநூத்தி நாலு இல்லையா?” என்றாள்.

அவள் கையில் இருந்த தலையணை உறை அப்படியே நின்றது.

அவள் எதையும் மறைக்கவில்லை. மூன்று தடவை தோற்றுப்போன தம்பி அவன். அவன் கேட்கவில்லை, இவளே பார்த்து எழுதி, பழைய மாதிரித் தாள் என்று சொல்லிக் கொடுத்தாளாம். சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னைப் பிடிக்க வேணும்னேதானே மாத்தி எழுதி வெச்சீங்க?”

கை தவறிவிட்டது என்றார்.

“இருபத்திரண்டு வருஷத்துல நீங்க ஒரு நம்பரைத் தப்பா எழுதி நான் பாத்ததில்லைங்க.”

சத்தியம் செய்தார். மூன்று நாளாக அவர் அவளைப் பார்த்த அதே பார்வை இப்போது அவர்மேல் நின்றது. அவள் சாவிக்கொத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, மடிக்காத துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.