திங்கட்கிழமைக் கூட்டத்தில் நிமியா

பராகுவே ஆற்றங்கரையிலுள்ள அந்த ஊர் மருத்துவமனையில், சிகிச்சைப் பிழையால் இறந்தவர்கள் திங்கட்கிழமைதோறும் மருத்துவர் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் அமர்வார்கள். உரிய மருத்துவர் எழுந்து "என் பிழை" என்றதும் போய்விடுவார்கள், பிறகு வருவதில்லை. மழைக்காலத்தில் அவர்கள் செருப்புச் சேற்றைப் பற்றித் துப்புரவாளர்கள் முறையிட்டதைத் தவிர, ஊரில் இதுகுறித்து வேறு பேச்சில்லை.

டாக்டர் எவாரிஸ்தோ பெனீத்தெஸுக்காக ஒருவரும் வந்ததில்லை. பட்டங்கள் பல பெற்றவர், பாராட்டிலேயே வளர்ந்தவர், தோல்வியைத் தொட்டும் அறியாதவர். அவர் மனைவி நிமியாவுக்கு ஒருநாள் வயிற்றுவலி. அழுத்திப் பார்த்தார், வாயு என்றார், மாத்திரை தந்தார். குடல்வால் வெடித்து அவள் இறந்தாள். புதைத்தபோது உடுத்தியிருந்த மஞ்சள் கவுனிலேயே திங்கட்கிழமை வந்து அமர்ந்தாள்.

அன்று அவர் பேசினார். ஆய்வுக்கூடம் தாமதித்தது என்றார். சாலையில் வெள்ளம் என்றார். வலியை மறைப்பது அவள் வழக்கம் என்றார். சான்று இருந்தது, தர்க்கம் இருந்தது. அவர் மட்டும் அதில் இல்லை.

"மறைச்சேனா? மத்தியானம் பூரா உன் காதுலதானே கத்தினேன்! வாயுன்னுட்டுத் திரும்பிப் படுத்தியே, பெரிய டாக்டரே!"

"சும்மா இரு நிமியா. சபையில பேசிட்டிருக்கேன்."

கூட்டத்தில் தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைநீர் ஒரே குடுவையில் கைமாறும். அதை ஊற்றித் தருபவர் எவாரிஸ்தோ. குடித்தவர் "நன்றி" என்றால், இனி வேண்டாம் என்று பொருள். சொல்லாதவரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நிமியா சொல்லவில்லை. வாரந்தோறும் அவர் பேசினார், ஊற்றினார். அவள் கேட்டாள், குடித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் லிதியா என்ற பள்ளி ஆசிரியை அதே வலியோடு வந்தாள். தாம் தவறவில்லை என்று நிறுவிவிட்டவர் எதை மாற்றிக்கொள்வார்? வாயு என்றார். திங்கட்கிழமை லிதியா, விரல்களில் சுண்ணக்கட்டித் தூளோடு, நிமியாவின் பக்கத்தில் அமர்ந்திருந்தாள்.

நிமியா குடுவையைத் திருப்பி நீட்டினாள். "நன்றி, எவாரிஸ்தோ. இப்பவாவது சொல்லிடு. அடுத்து வர்றவளாவது பிழைக்கட்டும். நானும் போறேன்."

"என் பிழை" என்ற சொல் நாவரை வந்தது. சொன்னால் அந்த மஞ்சள் கவுன் எழுந்து போய்விடும், பிறகு வராது. நாவைக் கட்டியது காதலே என்று அவர் இறுதிவரை நம்பினார். கர்வத்துக்கு அதைவிட நல்ல சாக்கு ஏது?

குடுவையை மீண்டும் நிரப்பி அவளிடம் நீட்டினார். பிறகு ஆய்வுக்கூடத்தின் தாமதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அவ்வாண்டு நிர்வாகம் பின்வரிசைக்கு இன்னொரு பெஞ்சு வாங்கியது.