வெர்னா தேடிய அடுக்கு

கடலோ என்று புதியோர் மயங்குமாறு விரிந்து கிடக்கும் சுப்பீரியர்ப் பேரேரியினுள், வளைந்த விரலெனப் புகுந்து நீளும் கீவினா நிலத்தை இடையிலே அறுத்துக்கொண்டு செல்லும் கால்வாய், அன்று கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. அதன் மேலே நிற்கும் தூக்குப்பாலம், வழிவிட வேண்டிய கலம் ஒன்றும் இன்மையால், தன் இரும்புத் தோள்களிற் பனியைத் தாங்கி, உறங்கும் யானைபோல் வாளா நின்றது. வடகரை மேட்டில், செம்பு தோண்டி ஓய்ந்த சுரங்கத்தின் வாய்மேல் எழுந்த உயர்ந்த கூண்டுக் கட்டடம் வானின் சாம்பல் நிறத்தோடு கலந்து பாதி மறைந்திருக்க, அதன் கீழ்ச்சரிவில் படிப்படியாய் இறங்கிய வீடுகளின் புகைபோக்கிகள் மெல்லிய வெண்ணிழைகளை மேலே விட்டுக்கொண்டிருக்க, பனி வழிக்கும் வண்டிகள் உறுமியவாறு பெருந்தெருவின் இருமருங்கும் ஆளுயரச் சுவர்களை எழுப்பிச் சென்றன. சனி எனப்படும் காரிக்கிழமை முற்பகல். அவ்வெண்மை முழுவதிலும் கண்ணுக்கினிய மஞ்சள் ஒளி கசிந்தது ஓரிடத்தில்தான். அது திரிலோரின் நூற்கடை.

கடைக்கு உரியவர் கென் திரிலோர் எனினும், அதனை ஆண்டவள் ஐலி. சுரங்க வேலை நாடிப் பின்லாந்திலிருந்து வந்தோரின் கொடிவழியிற் பிறந்தவள். அறுபதைக் கடந்தும் ஏணியில் ஏறுவதற்கு எவர் கையையும் எதிர்பாராதவள். நூல்நயம் அறிந்தீர்! நூலை எழுதுவதையும் படிப்பதையும் நாம் போற்றிப் பேசுகிறோம். அவ்விரண்டுக்கும் நடுவே, தேடுவோர் கையும் தேடப்படும் நூலும் ஒன்றற்கொன்று எதிர்ப்படுமாறு வைக்கும் திறத்தைப் பற்றிப் பேசுவார் அரியர். ஐலி அத்திறம் கைவரப்பெற்றவள். கதவைத் திறந்து வருவோர் காலணியின் பனியை உதறிக் குனிந்த தலையை நிமிர்த்தும் இடத்தில் எந்த நூலின் முகம் நிற்க வேண்டும், ஏரி உருகுவதற்கு எத்துணை முன்னரே மீன்பிடி நூல்கள் மேலடுக்குக்கு ஏற வேண்டும், தாயின் கைப்பையைப் பற்றி இழுக்கும் குழந்தையின் கண்மட்டம் எவ்வளவு என்பதெல்லாம் அவள் விரல்களுக்கே தெரியும். தன் கடையில் ஒருவரும் ஒரு நூலுக்காக இருமுறை வாய்திறந்து கேட்கலாகாது என்பது அவளது செருக்கு. அச்செருக்கிலே அன்பும் கலந்திருந்தது.

அவள் தோழி வெர்னா. இளமையில் ஒரே பள்ளியிற் பயின்று, பின்னர் அதே பள்ளியில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குக் கற்பித்து ஓய்ந்தவள். வழிபாட்டில்லத்துப் பாடற்குழுவில் ஐலியின் இடப்பக்கம் நின்று தாழ்குரலிற் பாடுபவள். காரிக்கிழமைதோறும் கடைக்கு வருவாள். துப்பறியும் நூல் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். பிறகு, சுரங்க வரலாற்று நூல்களுக்கு அப்பால், பின்சுவரின் வெப்பக்குழாய் அருகே இருந்த மங்கிய மூலைக்குச் சென்று நெடுநேரம் நிற்பாள். குளிர்காய நிற்கிறாள் என்றே ஐலி எண்ணியிருந்தாள். கேட்டால் வெர்னாவும் அவ்வாறே சொல்லுவாள்.

அம்மூலையில்தான் மக்கள் உரக்கக் கேட்கத் தயங்கும் பொருள்பற்றிய நூல்கள் இருந்தன; குடியை விடுவது, மணமுறிவு, பிள்ளையை இழந்த துயர், தீரா நோய்கள். புத்தாண்டு கழிந்து, கடையை ஒருநாள் அடைத்து ஒழுங்கு செய்தபோது, ஐலி அங்கே மண்டியிட்டு ஒவ்வொன்றாய் எடுத்துத் துடைத்தாள். நினைவு தளரும் நோய்பற்றிய நூல்கள் மட்டும், விற்காமலே, மூலை மழுங்கி, முதுகு மடிந்து, பலகாலும் விரிக்கப்பட்ட பக்கத்தில் தாமே திறந்துகொண்டன. வயலில் ஒற்றையடிப்பாதையைக் கண்டவன் ஊர் முழுதும் இவ்வழி நடக்கிறது என்று கொள்வதுபோல, இவற்றைத் தேடுவோர் பலர், இருட்டில் நின்று இடர்ப்படுகின்றனர் என்று அவள் முடிவு கட்டினாள். கடைமுகப்பில், பலகணியின் ஒளி விழும் மேடையில், அந்நூல்களை எல்லாம் முகங்காட்டி நிறுத்தி, "நினைவு தளரும்போது" என்று தன் அழகிய கையால் எழுதிய அட்டையையும் வைத்தாள். பழைய மூலையில் படத்துண்டுப் புதிர்ப்பெட்டிகளை அடுக்கினாள்.

திரிலோர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு பார்த்தார். "அது அங்கேயே இருந்துட்டுப் போகட்டுமே ஐலி. அது உன் கண்ணையா குத்துது?" என்றார்.

"புஸ்தகத்தை ஒளிச்சு வச்சு விக்கப் பாக்குற ஒரே ஆளு நீங்கதான்," என்றாள் ஐலி. அவர் சிரித்துவிட்டுக் கணக்கறைக்குள் போய்விட்டார்.

அடுத்து வந்த காரிக்கிழமையே நான் முதலிற் சொன்ன அந்நாள். வெர்னா வந்தாள், பனியை உதறினாள், ஏணிமேல் நின்ற ஐலியை நோக்கிக் கைகாட்டினாள். முகப்பு மேடையைச் சூழ்ந்து பாடற்குழுப் பெண்டிர் சிலர், தெருவிற் பனி வழித்து முடியும்வரை பொழுதுபோக்கி, முதுகு காட்டிப் பேசிக்கொண்டிருந்தனர். அவள் அவர்களுக்கு ஒதுங்கிக் கடந்து, பழகிய கால்கள் இட்டுச்சென்றவாறே மூலைக்குச் சென்றாள். சென்றவள் அசையாது நின்றாள். கையுறையைக் கழற்றிப் பலகையைத் தொட்டாள். திரும்பி வந்து சுரங்க வரலாற்று நூல்களின் பெயர்களைப் படித்துப் பார்த்து, மறுபடியும் மூலைக்குச் சென்று, புதிர்ப்பெட்டிகளை நோக்கினாள். நெடிய கணக்கொன்றின் கடைசி வரியில் விடை பிழைத்துவிட, எவ்வரியிற் பிழைத்தோம் என்று மேலிருந்து கீழ்வரை தேடுபவள்போல இருந்தது அவள் நிலை.

ஏணியிலிருந்து ஐலி அதைக் கண்டாள். கண்டு, ஐம்பதாண்டு நட்பின் உரிமையோடு, கடை முழுதும் கேட்கச் சிரித்துக்கொண்டே கூவினாள்: "என்னடி வெர்னா, இத்தனை வருஷம் வந்தும் உனக்கே இடம் மறந்துபோச்சா?"

முகப்பில் நின்ற பெண்டிரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். வெர்னாவும் புன்னகைத்தாள். "ஒண்ணுமில்லடி. சும்மா குளிர் காய வந்தேன்," என்று சொல்லி, கக்கத்திலிருந்த நூலை அருகிருந்த அடுக்கில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் அப்பெண்டிரைக் கடந்து வெளியேறினாள். ஐலி ஏணியை நகர்த்தித் தன் வேலையைத் தொடர்ந்தாள்.

அதன்பின் வெர்னா வரவில்லை. தொண்டை சரியில்லை என்று பாடற்குழுவிலிருந்து நின்றாள். சாலையெல்லாம் பனிக்கட்டி என்று வண்டி ஓட்டுவதை விட்டாள். பனிக்கட்டி உருகி ஓடிய பின்னும் ஓட்டவில்லை. இளவேனிலில், ஏரிக்கரையில் அவளும் அவள் கணவர் ஆர்வோவும் தம் கையாலே கட்டிய மரவீட்டை, அதன் நீராவிக் குளியலறையோடும் படகுத்துறையோடும் விற்றுவிட்டனர் என்று ஊரார் வியந்தனர். ஐலிக்கோ வியப்பைவிட வருத்தமே மிகுதியாயிற்று. தொலைபேசியில் இருமுறை அழைத்தபோதும், படுத்திருக்கிறாள் என்றே ஆர்வோ சொன்னார். எதற்கோ என்மேல் சினந்திருக்கிறாள், சொல்லக்கூட மனமில்லை, நான் ஏன் வலியச் செல்லவேண்டும் என்று ஐலியும் முறுக்கிக்கொண்டாள். கூப்பிடு தொலைவில் இருந்த வீட்டுக்குச் செல்லாமலே பனிக்காலத்தின் எச்சமும் இளவேனில் முழுதும் கழிந்தன. பின்னாளில் அவள் தன்னைப் பொறுக்கமாட்டாது வருந்தியது, அடுக்கை மாற்றியதற்காக அன்று, இந்த வாளாவிருப்பிற்காகவே.

கோடை நடுவில் ஒருநாள் ஆர்வோ கடைக்கு வந்தார். வந்தவர் எவரையும் கேளாமல், நிமிர்த்திய தலை நிமிர்த்தியவாறே முகப்பு மேடையை அடைந்து, அவ்வட்டையைப் படித்து, ஒரு நூலை எடுத்து விலை கொடுக்க நீட்டினார். ஐலியின் கை அதனை வாங்காமல் நடுவழியில் நின்றது.

"வெர்னாவுக்குத்தான்," என்றார் அவர். "கண்ணு முன்னாடியே வச்சிருக்கீங்க, நல்லதாப் போச்சு. யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

பிறகு, மெல்ல மெல்ல, அவர் சொன்னவை இவை. மருத்துவர் அவளிடம் அந்நோயின் பெயரைச் சொல்லி இரண்டாண்டு ஆகிறது. கணவராகிய தம்மிடம்கூட அவள் மறைத்தாள். வீட்டுக்கு நூலைக் கொண்டுவந்தால் ஆர்வோ கண்டுவிடுவார் என்று, இக்கடையின் மூலையில் நின்றே, கிழமைக்குச் சில பக்கமாகப் படித்து வந்தாள். இன்னின்ன திறன்கள் எஞ்சியிருக்கும்வரை அஞ்சவேண்டா, பழகிய இடத்திற்கே வழி தவறும் நாளில் பிறரைச் சார்ந்துகொள்க என்று அதில் எழுதியிருந்ததாம். "குளிர்காலத்துல ஒருநாள் அழுதுட்டு வந்தா. 'ஐலி கடையில ஒரு அடுக்கே இல்லாமப் போச்சு, அவ்வளவுதான், என் மூளை முடிஞ்சுது ஆர்வோ'ன்னா. அன்னைக்கே வண்டிச் சாவியை என் கையில குடுத்துட்டா. இன்னும் ஒண்ணரை வருஷமாவது நல்லா இருப்பான்னுதான் டாக்டரே சொல்லியிருந்தாரு."

ஐலி கடையைத் திரிலோரிடம் விட்டு, மேலாடையை மாற்றவும் மறந்து, மேட்டுத்தெரு ஏறிச் சென்றாள். வெர்னா பின்கட்டில், கலங்களில் நிறைந்த காட்டுச் செங்கனிகளைப் பாகு காய்ச்சுவதற்காக இலையும் காம்பும் களைந்துகொண்டிருந்தாள். தோழியைக் கண்டதும் முகம் மலர்ந்து, நாற்காலியைக் காலாலே தள்ளி நகர்த்தினாள். ஐலி அமரவில்லை.

"வெர்னா, அந்த அடுக்கை நான்தான் மாத்துனேன். உனக்கு அன்னைக்கு ஒண்ணும் ஆகல. புஸ்தகத்தையெல்லாம் நான்தான் முன்னாடி கொண்டுபோய் வச்சேன்."

வெர்னாவின் விரல்கள் நின்றன. கனிச்சாறு உள்ளங்கையிற் சிவந்து வழிய, அவள் கேட்டாள்: "அப்ப நான் சரியாத்தான் இருந்தேனா?"

"சரியாத்தான் இருந்த."

"சாவியைக் குடுத்துட்டேன். பாட்டை விட்டேன். ஏரி வீட்டை வித்தாச்சு. ஆர்வோ அந்தப் படகுத்துறையில உக்காந்து அழுதான், தெரியுமா? நீ பலகையை மாத்துனதுக்கு."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி," என்றாள் ஐலி. சொல் வாயை விட்டு நீங்கும்போதே அதனைத் திரும்ப விழுங்கத் தவித்தாள்.

"எப்படிக் கேப்பேன்? நீ சிரிச்சியே," என்றாள் வெர்னா.

பிறகு அவள் பேசிய சினமொழிகளை இங்கே எழுதுவது முறையன்று. அவை யாவும் தகுந்தவையே. ஐலி நின்றவாறே அனைத்தையும் ஏற்றாள். மழை பெய்து ஓய்ந்தாற்போல் அவை ஓய்ந்தபின், இருவரும் எதிரெதிர் அமர்ந்து எஞ்சிய கனிகளைக் களைந்து முடித்தனர். ஏலம் மணக்கும் பின்னல் ரொட்டியைக் குளம்பியில் நனைத்து உண்டனர். விடைபெறும்போது வெர்னா வாயில்வரை வந்தாள். "இனிமே எதையாவது மாத்துறதா இருந்தா, என்கிட்ட சொல்லிட்டு மாத்து," என்று சொல்லித் தோழியின் தோளில் செல்லமாய் ஓர் அடி வைத்தாள்; பொறுத்தேன் என்பதே அதன் பொருள். சுமை இறங்கியவள்போல் ஐலி சரிவில் இறங்கி நடந்தாள். கால்வாயின் நீர் அந்திப்பொன்னை ஏந்திச் சென்றதை அன்றுதான் அவள் கோடை முழுமைக்கும் முதன்முறையாகக் கண்டாள்.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அடுத்த கிழமை சென்றபோது வெர்னா அவளை வரவேற்று அமர்த்தி, குரலைத் தாழ்த்தி, மறைபொருள் ஒன்றைச் சொல்வாள்போல், "உன் கடையில ஒருநாள் ஒரு அடுக்கே காணாமப் போச்சுடி எனக்கு," என்றாள். அச்சம் அவள் நினைவில் ஆழ எழுதப்பட்டிருந்தது. அதற்குரிய விளக்கமோ நீர்மேல் எழுத்தாய்ப் போயிற்று. ஐலி மீண்டும் சொன்னாள். மீண்டும் அதே வினா, அதே சிவப்பேறிய விழிகள், விற்ற வீடும் விட்ட பாட்டும் ஒவ்வொன்றாய் எண்ணப்பட்டன; இம்முறை பொறுத்தருளும் புன்னகை வருமுன்னரே களைப்பு வந்துவிட்டது. மூன்றாம் முறை சொன்ன அன்று, ஆர்வோ வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, கெஞ்சும் குரலிற் கேட்டார்: "இனிமே சொல்லாதீங்க ஐலி. உங்களுக்கு அது பழசு. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா நடக்குது."

அவ்வாறே ஐலி வாயடக்கினாள். அடுத்த பனிக்காலமும் வந்தது. காரிக்கிழமைதோறும், கடையை மதியத்தோடு திரிலோரிடம் ஒப்படைத்து, அவள் மேடேறிச் சென்றாள். சில நாள் வெர்னா அவளைப் பெயர் சொல்லி அழைத்தாள். சில நாள் பள்ளிக்குப் புதிதாய் வந்த ஆசிரியையென எண்ணி, பெருக்கல் வாய்பாட்டைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொல்லித்தர வேண்டும் என்று கனிவோடு விளக்கினாள். எவ்வாறாயினும், உரையாடலின் ஏதோ ஒரு திருப்பத்தில் அந்தக் கடையின் கதை வந்துவிடும். அங்கே ஒரு பெண் ஏணிமேல் நின்றிருந்தாள் என்பாள். நல்லவள்தான், ஆனால் சிரித்துவிட்டாள் என்பாள். ஐலி அவள் கையைப் பற்றிக்கொண்டு, முதன்முறை கேட்பவள்போல, அப்படியா என்பாள்.

கற்றறிந்தீர், பிழை செய்தோர்க்கு உலகம் வகுத்த ஒறுப்புகள் பலவாயினும், அவற்றுள் மென்மையாய்த் தோன்றி மிகக் கொடிதாவது இதுவே போலும். பொறுத்தேன் என்று தோழி ஒருமுறை சொன்னாள், சொன்னது மெய், அதனைக் கேட்டவள் நெஞ்சில் அது இன்றும் உண்டு, சொன்னவள் நெஞ்சிலோ இல்லை. இருவர் சேர்ந்து தாங்கவேண்டிய ஒன்றை ஒருத்தி மட்டும் தாங்கிக்கொண்டு, பனி பெய்யும் அம்மேட்டுத்தெருவில், விளக்கேற்றும் பொழுதில், மெல்ல நடந்து வீடு திரும்புகிறாள்.