பன்னிரண்டு நாள் மாப்பு

"என் மேல மனசுல எதுவும் வச்சிருக்கியாடி?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி லத்தீஃபா கேட்டாள். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ மனம் நோகும்படி நடந்திருந்தால் மாப்பு பண்ணிவிடுங்கள் என்று மன்னிப்புக் கேட்டுக்கொள்வது அந்த ஊர் வழக்கம். கேட்கப்பட்டவர்கள், "மாப்பு பண்ணியாச்சு, நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் வழக்கம்.

லத்தீஃபா ஹஜ்ஜுக்குப் போகவில்லை. லண்டன், பாரீஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று பன்னிரண்டு நாள் சுற்றுலா போகிறாள். மயிலாடுதுறைக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊர்க்காரர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சம்பாதிக்கப் போயிருக்கிறார்கள். மக்காவுக்குக் கடமை முடிக்கப் போயிருக்கிறார்கள். சும்மா பார்த்துவிட்டு வருவதற்கென்று யாரும் விமானம் ஏறியதில்லை. அப்படிப் போகிறவள் எப்படி விடைபெற வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இல்லாததால், லத்தீஃபா கைக்கு எட்டிய வழக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"பாரீஸைப் பார்க்கப் போறதுக்கு எதுக்குடி மாப்பு?" என்று அவளுக்கு அக்கா முறையான பெரியம்மா மகள் மெஹராஜ் பேகம் கேட்டுப் பார்த்தாள்.

"மேல போறது எல்லாம் ஒரே பிளேன்தானே லாத்தா" என்றாள் லத்தீஃபா.

இரண்டு நாளில் நாற்பத்து மூன்று வீடுகள். நாற்பத்திரண்டில் மாப்பு உடனே கிடைத்தது. கூடவே வாசனைத் திரவியம், சாக்லேட் பெட்டி, மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் என்று வாங்கிவர வேண்டியவற்றின் பட்டியலும் கிடைத்தது. நாற்பத்து மூன்றாவது வீடு தஹ்மீனாவுடையது.

தஹ்மீனா அவளைப் பார்த்தாள். வாய் வரைக்கும் ஏதோ வந்தது. "டீ குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதில் வேடிக்கை, தஹ்மீனாவும் அதே பயணத்துக்குப் போகிறவள்தான். லத்தீஃபாவின் கணவர் அப்துல் ஜலீலுக்கு சிங்கப்பூரில் கடை. மனைவிக்கும் தனக்குமாக இரண்டு இடம் பதிவு செய்திருந்தார். விசாவுக்கு மனுப் போடும் நேரத்தில் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாள் லத்தீஃபாவின் பேச்சைக் கேட்பதைவிட முழங்கால் வலி தேவலாம் என்று அவர் நினைத்திருக்கலாம். காலியான இடத்துக்குத் தஹ்மீனா. துபாயிலிருக்கும் மகன் ஆஸிம் கூப்பிடுவான் என்று எடுத்து வைத்த பாஸ்போர்ட் அவளிடம் இருந்தது. பெட்டி தூக்குவாள், இஸ்திரி போடுவாள், எதிர்த்துப் பேசமாட்டாள்.

"பாவம், ஒன்பதாவதோட நின்னுபோனவ. உலகத்தைப் பார்க்கட்டுமேன்னுதான்" என்று லத்தீஃபா நாற்பத்திரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தாள்.

ஒன்பதாவதோடு ஏன் நின்றுபோனாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அது நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை. இரண்டு பேரும் மயிலாடுதுறையில் ஒரே வகுப்பு. ஒருநாள் லத்தீஃபா, "தரங்கம்பாடியில வெள்ளைக்காரன் கோட்டை இருக்காம், கடலு இருக்காம். ரயில்ல போயிட்டு சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள வந்துடலாம்டி" என்றாள். தஹ்மீனா வேண்டாம் என்றாள். அவள் வேண்டாம் என்று சொன்னால் அது யார் காதிலும் விழாது. லத்தீஃபாதான் டிக்கெட் எடுத்தாள். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து லத்தீஃபா கால் ஆட்டிக்கொண்டிருந்தபோது திரும்பும் ரயில் போய்விட்டது. நெல் மூட்டை ஏற்றிய ஒரு லாரியில் ஏறி, ராத்திரித் தொழுகைக்கான இஷா பாங்கு சொன்னபிறகு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

லத்தீஃபா வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் கூடி நின்றது. "தஹ்மீனாதான் என்னை இழுத்துட்டுப் போனா" என்று லத்தீஃபா அழுதாள். எல்லோரும் தஹ்மீனாவைப் பார்த்தார்கள். இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் பார்த்தால் தஹ்மீனாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. லத்தீஃபா பன்னிரண்டாவது வரை படித்து, "படிச்ச பொண்ணு" என்று சிங்கப்பூர் மாப்பிள்ளையைப் பிடித்தாள். தஹ்மீனா தையல் கற்றுக்கொண்டு, அவளுடைய கல்யாணத்துக்கே ஜாக்கெட் தைத்தாள்.

ஆக, மாப்பு கேட்கும் கேள்விக்குத் தஹ்மீனாவிடம் பதில் இல்லாமல் இல்லை. நாற்பது வருடமாக எதிர்பார்த்திருந்த ஒரு வார்த்தை உண்டு. அதை லத்தீஃபா சொன்னால்தான் இவளுடைய பதில் வரும்.

விமானம் மேலே எழும்பியதும் லத்தீஃபாவுக்கு அது உறைத்தது. நாற்பத்திரண்டு மாப்போடு நாற்பத்து மூன்றாவது இல்லாமல் ஆகாயத்தில் இருக்கிறோம்.

"தஹ்மீனா, அன்னிக்கி நீ பதில் சொல்லலையே?"

"டீ குடுத்தேனே."

"டீயும் மாப்பும் ஒண்ணாடி?"

தஹ்மீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லண்டனில் இருபத்தெட்டு பேர் கொண்ட குழுவாக அவர்களைச் சேர்த்தார்கள். வழிநடத்தியவன் இனியவன் என்ற இளைஞன். ஒரத்தநாட்டுக்காரன். எந்த ஊராக இருந்தாலும் அவன் சொல்வது ஒன்றேதான்: "இறங்குங்க, பாருங்க, போட்டோ எடுத்துக்குங்க, நாற்பது நிமிஷத்துல ஏறுங்க." ஏழு நாட்டையும் அவன் ஆட்டு மந்தை ஓட்டுவதுபோல ஓட்டினான். இறங்கிய இடத்தில் எல்லாம் குழு முதலில் கழிப்பறையைத் தேடியது, பிறகு கோபுரத்தைத் தேடியது. மதியமும் இரவும் பஞ்சாபிக்காரர் கடையில் பருப்பும் ரொட்டியும். ஐரோப்பாவின் ருசி என்ன என்று கேட்டால் அந்த இருபத்தெட்டு பேரும் ராஜ்மா என்றுதான் சொல்வார்கள்.

குழுவில் திருக்காட்டுப்பள்ளிக்காரர் துரைராசு என்று ஒருவர் இருந்தார். மகன் அனுப்பி வைத்திருந்தான். எந்த ஆற்றைப் பார்த்தாலும் பாலத்தில் நின்று கண்ணைச் சுருக்கி, "எவ்வளவு கன அடி போகும்?" என்பார். ஆம்ஸ்டர்டாமில் வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஒரு வயலு இல்ல, ஒரு நாத்தங்கால் இல்ல. இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு படகு ஓட்டி விளையாடுறானுவளே!" என்றவர், உடனே ஊருக்குப் போன் போட்டு, "ஆத்துல தண்ணி வந்துடுச்சாடா?" என்று கேட்டார். வரவில்லை.

லத்தீஃபாவோ ஊர் பார்க்கவில்லை, மாப்புத் தேடினாள். பாரீஸில் இரும்புக் கோபுரத்தின் அடியில் ஒரு வாசனைத் திரவியப் புட்டியைத் தஹ்மீனாவின் கையில் திணித்தாள். "இப்ப சொல்லுடி." பிரஸ்ஸல்ஸில் சாக்லேட் பெட்டி. ஜெர்மனியில் குக்கூ என்று கூவும் கடிகாரம். அது பெட்டியில் அமுங்கியதும் எல்லைக்கு எல்லை கூவி, இனியவனைக் கலவரப்படுத்தியது.

"எதுக்கு மாப்புன்னு நீ சொல்லு. நான் பண்ணிடுறேன்" என்றாள் தஹ்மீனா ஒவ்வொரு ஊரிலும். பரிசுகளை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளும் மனுஷிதானே.

"எதுக்குன்னா என்ன? பொதுவாத்தான். தெரிஞ்சும் தெரியாமலும்."

"தெரிஞ்சதை மட்டும் சொல்லு. தெரியாததைத் தள்ளிடுறேன்."

லத்தீஃபா முகத்தைத் திருப்பிக்கொண்டு குளிருக்குத் துப்பட்டாவை இழுத்து மூடுவாள்.

சுவிட்சர்லாந்தில் பனிமலைக்குக் கம்பியில் தொங்கும் கூண்டில் ஏற்றினார்கள். பாதி வழியில் காற்று பலமாக அடித்ததால் கூண்டை நிறுத்திவிட்டார்கள். கீழே பள்ளம் வெள்ளையாகத் தெரிந்தது. கூண்டு ஊஞ்சல்போல ஆடியது. "பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷத்துல போயிடும்" என்று இனியவன் தமிழில் தைரியம் சொன்னான். அவன் கையும் கம்பியை இறுகப் பற்றியிருந்தது. லத்தீஃபா கலிமாவை மூன்று முறை சொன்னாள். தஹ்மீனாவின் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"சொல்லித் தொலைடி! கீழே விழுந்தா நான் எந்த மூஞ்சியோட போவேன்?"

"எதுக்குன்னு சொல்லு."

"ஆஸிம் கல்யாணத்துல உன் ஊட்டு பிரியாணி குழைஞ்சுபோச்சுன்னு நாலு பேருகிட்ட சொன்னேன்."

"அப்புறம்?"

"உன்கிட்ட வாங்கின குக்கர் கேஸ்கட்டைத் திருப்பித் தரல."

"அப்புறம்?"

கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லத்தீஃபா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தரங்கம்பாடி" என்றாள்.

இத்தனை வருடம் தஹ்மீனா தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருந்தாள்: லத்தீஃபா மறந்துவிட்டாள், சின்ன வயது, மறந்துபோனவளிடம் என்னத்தைக் கேட்பது என்று. அந்தச் சமாதானம் இப்போது பள்ளத்தில் விழுந்துவிட்டது.

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமாடி? அத்தா அடிப்பாருன்னு பயத்துல உளறிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"நீ எங்கே அதைச் சொன்னியோ, அதே கூடத்துல, மெஹராஜ் லாத்தா எல்லாம் இருக்கிறப்போ மாத்திச் சொல்லு. அன்னிக்கி நான் மாப்பு சொல்றேன்."

"சொல்றேன். ஊரு போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அதான்."

கூண்டு நகர்ந்தது. மேலே போய் இறங்கியதும் லத்தீஃபா பனியில் உட்கார்ந்து பதினெட்டு போட்டோ எடுத்துக்கொண்டாள். தரையில் கால் பட்டதும் அவள் குரலில் பழைய கனம் வந்துவிட்டது. வெனிஸில் படகில் போகும்போது தஹ்மீனா, "சொல்லுவேல்ல?" என்று கேட்டதற்கு, "ஊரு வரட்டும்மா, இங்க வந்து அதே பேச்சா?" என்றாள். ரோமில் இடிந்த சுவர்களைப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டி முடிக்காமலே டிக்கெட் போட்டுட்டானுவ" என்று தீர்ப்புச் சொன்னாள். மாப்பைப் பற்றி அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள், வெள்ளிக்கிழமை, லத்தீஃபா வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. தாய்வீடு மகளுக்கே சேரும் வழக்கம் அவர்களுடையது என்பதால், அது பழைய அதே கூடம்தான். சிமெண்டுத் தரையை எடுத்துவிட்டுப் பளிங்கு போட்டிருந்தார்கள். ஹஜ்ஜிலிருந்து வந்தவரைப் பார்ப்பதுபோல ஒவ்வொருத்தியும் லத்தீஃபாவைக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, அவள் பட்ட சிரமத்துக்குக் கண்கலங்கினார்கள். பேரீச்சம்பழத்துக்குப் பதில் தட்டில் சாக்லேட் சுற்றி வந்தது. கண்ணும் காதும் மந்தமாகிவிட்ட மூதாட்டி ஜன்னத் பீவி அதை வாங்கி, பிஸ்மி சொல்லி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். "இனிப்பா இருக்கே. நல்ல இடத்துக் கனி" என்றாள். யாரும் திருத்தவில்லை.

தஹ்மீனா தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று லத்தீஃபாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பனிமலையில கூண்டு நின்னுபோச்சு பாருங்க" என்று லத்தீஃபா ஆரம்பித்தாள். தஹ்மீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கீழே பார்த்தா அதல பாதாளம். இவ என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுவுறா. நகம் பதிஞ்சிடுச்சு. நான்தான், கலிமா சொல்லுடி ஒண்ணும் ஆவாதுன்னு தைரியம் சொன்னேன்."

"அல்லாவே!" என்றது கூடம்.

தஹ்மீனா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் பழுப்பாகத்தான் இருந்தது.

"சின்ன வயசுலேர்ந்தே இவளால எனக்கு இதே பாடுதான்" என்று லத்தீஃபா சிரித்தாள். "ஒன்பதாவது படிக்கிறப்போ என்னைத் தரங்கம்பாடிக்கு இழுத்துட்டுப் போனா. இப்ப நான் இவளை ரோமாபுரி வரைக்கும் இழுத்துட்டுப் போய்ட்டு வந்துட்டேன். சரியாப் போச்சுல்ல லாத்தா?"

மெஹராஜ் பேகம் உட்படக் கூடமே சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் தஹ்மீனாவைப் பார்த்தார்கள். இருபத்தைந்து பேராவது இருப்பார்கள். நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டிய நேரம் இது. தஹ்மீனா தூணைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"லத்தீஃபா, கிளம்புறப்போ வாசல்ல வந்து மாப்பு கேட்டே. நான் பதிலே சொல்லல. தப்புதான்" என்றாள். "இப்ப சபையில வச்சுச் சொல்லிடுறேன். மாயவரம் ஸ்டேஷன்ல நீ டிக்கெட் எடுத்து என்னை ரயில் ஏத்துனியே, அதுக்கு மாப்பு பண்ணிட்டேன். கோட்டைச் சுவத்துல உட்கார்ந்துக்கிட்டு வர மாட்டேன்னு அடம் புடிச்சு ரயிலை விட்டியே, அதுக்கும். இதே இடத்துல நின்னு, நான்தான் உன்னை இழுத்துட்டுப் போனேன்னு உங்க அத்தாகிட்ட சொன்னே. அதனால என் படிப்பு போச்சு. அதையும் மாப்பு பண்ணிட்டேன். கூண்டுல தொங்குறப்போ இதையெல்லாம் நீயே உன் வாயால ஒத்துக்கிட்டே. ஒத்துக்கிட்டவகிட்ட நான் எதையும் வச்சுக்கக் கூடாது."

இந்த முறை எல்லோரும் லத்தீஃபாவைப் பார்த்தார்கள்.

"அப்போ அன்னிக்கி..." என்று மெஹராஜ் பேகம் லத்தீஃபா பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "தஹ்மீனா ஊட்டு வாசல்ல நின்னு அவ உம்மாவை நான் என்னெல்லாம் பேசினேன். ஏன்டி, நீயா டிக்கெட் எடுத்தே?"

"என்ன, என்ன சொல்றா?" என்று ஜன்னத் பீவி பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"மாப்பு பண்ணிட்டாளாம் பெரியம்மா."

"மாஷா அல்லாஹ். நல்ல பொண்ணு. எதுக்காம்?"

பக்கத்திலிருந்தவள் அவள் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

லத்தீஃபா மடியிலிருந்த சாக்லேட் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில் தன்னைப் பார்க்க வந்திருந்த அத்தனை பேரையும் அப்படியே விட்டுவிட்டு, உள் அறைக்குப் போய்விட்டாள்.